பிள்ளைகளின் பல்லும் பெற்றோரின் சொல்லும்

நமது நாட்டில் எந்தப் பாடசாலையிலேனும் ஐந்தாம் வகுப்பினுட் புகுந்து, “ஒரு நாளைக்கு எத்தனை முறை பல் துலக்க வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் யாவரும் ஒரே குரலில், “இரண்டு முறை” என்பார்கள். “எப்பொழுது?” என்றால், “காலையிலும், இரவு படுக்கைக்குப் போகுமுன்பும்” என்று பாடம் ஒப்புவிப்பது போல விடை வரும். இனிப்புப் பண்டங்கள் பல்லுக்குக் கேடு என்பது அவர்களுக்குத் தெரியும். பற்சூத்தை இன்னதென்றுஞ் சொல்வார்கள். பரீட்சையில் இவ்வினாக்கள் வந்தால் முழுப் புள்ளியும் பெற்றுவிடுவார்கள்.

இனி, வினாவைச் சிறிது மாற்றிக் கேட்போம். “நேற்றிரவு பல் துலக்கிவிட்டுப் படுத்தவர்கள் யார்?” சில கைகள் தயங்கித் தயங்கி எழும், பல எழமாட்டா. “பல் துலக்கும்போது இரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?” “துலக்காமல் விட்டுவிடுவோம்.” “பல் வைத்தியரிடம் எப்பொழுது போக வேண்டும்?” “பல் வலித்தால்.”

முதலிற் கிடைத்தவை புத்தகத்து விடைகள். பின்னர்க் கிடைப்பவை வீட்டு விடைகள். புத்தகத்தைப் பிள்ளை தரத்துக்குத் தரம் மாற்றிக்கொள்கிறது. வீட்டிற் கேட்டதும் கண்டதுமோ வாழ்நாள் முழுவதும் அதனுடன் வருகின்றன. அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையே கிடக்கும் இந்தத் தூரத்தைக் குறுக்குவது எங்ஙனம் என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

இது வீண் கவலையன்று. 2015–2016 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 60 பேருக்கு மேற்பட்டோரிடம் பற்சூத்தை காணப்பட்டது. பன்னிரண்டு வயதினரிடையே அது ஏறக்குறைய 30 வீதமாயிருந்தது. இதில் மகிழ்ச்சிக்குரிய செய்தியும் உண்டு. கவலைக்குரிய செய்தியும் உண்டு. பன்னிரண்டு வயதினரின் நிலை, அதற்கு முந்திய ஆய்வுகளோடு ஒப்பிடுமிடத்து, படிப்படியாக முன்னேறியே வந்திருக்கிறது. ஐந்து வயதினரின் நிலையோ 2002–2003 ஆம் ஆண்டு ஆய்வில் இருந்ததிலும் பார்க்கப் பெரிதும் மாறவில்லை. இதற்குக் காரணங்கள் பலவாயிருக்கலாம். எனினும் ஒன்றை மட்டும் நாம் மறத்தலாகாது. ஐந்து வயதுப் பிள்ளை பாடசாலையின் வாயிலை அப்பொழுதுதான் மிதிக்கிறது. அதுவரை அதன் பல்லுக்குப் பொறுப்பாயிருந்தது வீடேயாம்.

இரத்தத்தைக் கண்டு அஞ்சுதல்

பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தங் கசிந்தால், “புண்பட்டுவிட்டது, இரண்டு நாளைக்கு பிரஷ் போடாதே” என்று சொல்லும் பெற்றோர் அநேகர். பிள்ளையும் மகிழ்ச்சியோடு அந்த ஆலோசனையை ஏற்றுக்கொள்ளும். பார்வைக்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. காலிற் புண் வந்தால் நடையைக் குறைக்கிறோமல்லவா? ஆனால் முரசின் கதை வேறு.

1965 ஆம் ஆண்டில், டென்மார்க் தேசத்து ஓகூஸ் நகரில், ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும் ஓர் எளிய பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். ஆரோக்கியமான முரசுடைய 12 பேர் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினர். அவர்களுட் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். மூன்று வாரத்துக்குள் ஒருவர் தப்பாமல் பன்னிருவருக்கும் முரசு சிவந்து வீங்கிவிட்டது. பின்னர் அவர்கள் மீண்டும் ஒழுங்காகப் பல் துலக்கத் தொடங்கினர். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த அழற்சி மறைந்து முரசு பழைய நிலையை அடைந்தது. மருந்தொன்றும் தேவைப்படவில்லை.

நடந்தது இதுதான். நாம் உண்டபின் பல்லின்மேல், கண்ணுக்கு எளிதிற் புலனாகாத பசைபோன்ற ஒரு படலம் படிகிறது. அது வெறும் உணவுத் துணுக்கன்று. கோடிக்கணக்கான நுண்கிருமிகள் கூடிக் குடியிருக்கும் ஊர். வாய் கொப்பளிப்பதனால் அது போகாது. தேய்த்தே அகற்ற வேண்டும். அகற்றாது விட்டால் முரசின் விளிம்பு அழற்சியுற்று, தொட்டவுடன் இரத்தங் கசியும். ஆகவே இரத்தம் என்பது, “இவ்விடத்தைச் சுத்தஞ் செய்யாமல் விட்டுவிட்டாய்” என்று முரசு தரும் முறைப்பாடு. அதைக் கண்டு துலக்குவதை நிறுத்துவது, வீட்டிற் குப்பை நாறுகிறதென்று துடைப்பத்தை ஒளித்துவைப்பது போலாகும். மென்மையான தூரிகையைக் கொண்டு, அவ்விடத்தை இன்னும் பொறுமையாகத் துலக்குதலே வழி. இரண்டு வாரங் கடந்தும் இரத்தம் நிற்காவிடின் பல் வைத்தியரைக் காண வேண்டும்.

தேயிலை மலையில் நடந்த ஆராய்ச்சி

அதே ஹரால்ட் லோவின் பெயர் நமது நாட்டோடும் நெருங்கிய தொடர்புடையது என்பதை நம்மிற் பலர் அறியார். முரசு நோயைக் கவனியாமல் விட்டால் அது எப்படி வளர்ந்து செல்லும் என்பதை ஆண்டுக்கணக்கில் அவதானிக்க விரும்பிய அவரும் தோழர்களும் 1970 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். நுவரெலியா மாவட்டத்தில், பூண்டுலோயாப் பகுதியிலுள்ள டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் 480 பேரைத் தெரிந்தெடுத்துப் பரிசோதித்தனர். அவர்களுட் பதினான்கு வயதுப் பையன்களும் இருந்தனர். முப்பதை எட்டிய ஆடவரும் இருந்தனர். பற்தூரிகையோ பல் வைத்தியரோ அவர்களுடைய வாழ்க்கையில் இடம்பெற்றதில்லை. 1985 ஆம் ஆண்டுவரை, 15 ஆண்டுகள், இடையிடையே அவர்களுடைய வாயைச் சோதித்து அளந்தனர். ஒப்புநோக்குவதற்காக, சிறு வயது முதல் ஒழுங்கான பற்சிகிச்சை பெற்று வளர்ந்த நோர்வே நாட்டு மாணவரும் ஆசிரியரும் அடங்கிய ஒரு கூட்டத்தாரையும் அவர்கள் சோதித்து வந்தனர்.

கண்ட முடிவு இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. தோட்டத் தொழிலாளருள் 100 பேருக்கு 8 பேரிடம் நோய் மிக விரைவாகப் பரவியது. இருபது வயதளவிலேயே அவர்களுடைய பற்கள் விழத் தொடங்கின. நாற்பத்தைந்து வயதாகும்போது வாய் வெறுமையாயிற்று. 81 பேரிடம் நோய் மெதுவாக முன்னேறியது. எஞ்சிய 11 பேருக்கு, தூரிகையைத் தொடாதிருந்தும், முரசழற்சிக்கு மேலாகத் தீங்கொன்றும் நேரவில்லை.

“எங்கள் தாத்தா ஒரு நாளும் பிரஷ் பிடித்ததில்லை, எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார்” என்று பெருமை பேசுவோர் இந்தக் கணக்கைச் சற்றே நோக்க வேண்டும். அந்தத் தாத்தா பதினொரு பேரில் ஒருவராயிருந்திருக்கலாம். அவருடைய பேரன் அந்தப் பதினொருவரில் ஒருவனா, எட்டுப் பேரில் ஒருவனா என்பதை முன்கூட்டி யார் அறிவார்?

அந்த ஆராய்ச்சியில் வியப்புக்குரிய இன்னொரு செய்தியும் உண்டு. அத்தொழிலாளரிடம் முரசு நோய் மலிந்திருந்ததாயினும் பற்சூத்தை மிகமிக அரிதாகவே காணப்பட்டது. இனிப்புப் பண்டங்கள் அந்நாளைய லயத்து வாழ்க்கையில் அருமையாயிருந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். இன்றோ மலைநாட்டின் சின்னஞ்சிறு கடையிலுங்கூட வண்ண வண்ண இனிப்புப் பொதிகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. முந்திய தலைமுறைக்குத் தூரிகை கிடைக்கவில்லை. இந்தத் தலைமுறைக்குத் தூரிகையுங் கிடைக்கிறது. அதற்கு முன்பே இனிப்பும் கிடைத்துவிடுகிறது.

விழப்போகும் பல்தானே!

பிள்ளைக்குப் பாற்பல் சூத்தையாயிற்று என்றால், “விழப்போகிற பல்லுக்கு ஏன் பிள்ளை வைத்தியம்?” என்று பாட்டிமார் கேட்பதுண்டு. பாற்பற்கள் 20. அவற்றுள் முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவது உண்மையே. ஆனால் பின்னாலுள்ள பாற் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று பணிபுரிய வேண்டியவை. அவற்றின் உதவியாலேயே பிள்ளை உணவை அரைத்து உண்கிறது. பின்னர் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்துவைப்பதும் அவையே. ஐந்து வயதிற் சூத்தையுண்ட பல் ஐந்து ஆண்டுகள் வாயில் வேதனையோடு இருக்க வேண்டுமா? இரவெல்லாம் பல்வலியால் அழுத பிள்ளை காலையில் வகுப்பிலிருந்து என்ன கற்கும்? பல்லைக் காலத்துக்கு முன் பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சரிந்து, புதுப்பல் கோணலாய் முளைக்க நேரும்.

இதனிலும் பெரிய இழப்பு ஒன்று பல வீடுகளில் ஒருவருக்குந் தெரியாமலே நிகழ்கிறது. ஏறக்குறைய ஆறு வயதில், பாற்பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், மேலும் கீழுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை முளைப்பதற்காக எந்தப் பாற்பல்லும் விழுவதில்லை. ஆதலால் தாய் தந்தையர் இவற்றையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இவை வாழ்நாள் முழுவதற்கும் உரிய நிலையான பற்கள். இவற்றின் மேற்புறத்தில் ஆழமான பள்ளங்களும் வெடிப்புகளும் உண்டு. உணவு அங்கே எளிதிற் சிக்கிக்கொள்ளும். முளைத்து வரும்போது மற்றைப் பற்களிலும் தாழ்ந்து நிற்பதால் தூரிகையும் எட்டுவதில்லை. “இதுவும் விழுந்து முளைக்கும்” என்ற நம்பிக்கையிலே கைவிடப்பட்டு, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பிடுங்கப்படும் பல் பெரும்பாலும் இதுவேயாகும். அதன் பின்பு அவ்விடத்தில் வேறொன்று முளைக்கப்போவதில்லை.

உங்கள் பிள்ளைக்கு ஆறு வயதாயின், இன்றைக்கே வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் செய்து, கடைசியில் நிற்கும் பல்லைப் பாருங்கள். முன்னிருந்து எண்ணினால் ஆறாவதாக ஒரு பல் தலைகாட்டியிருந்தால் அதுவே நாம் கூறும் பல். அதன் பள்ளங்களை அடைத்து மூடும் எளிய சிகிச்சை ஒன்று உண்டு. வலியில்லாத அந்தச் சிகிச்சையைப் பற்றிப் பல் வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

எவ்வளவு சீனி? எத்தனை முறை?

“இனிப்பு அதிகம் தின்னாதே” என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் சொல். பிள்ளைக்கு அது அளவைப் பற்றிய கட்டளையாகவே படுகிறது. ஆனால் பல்லைப் பொறுத்தவரை அளவினும் முறையே முதன்மையானது.

பல்லின் மேலுள்ள நுண்கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையாகிய மிளிரியிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. சீனி வாயிற் பட்ட சில நிமிடங்களுக்குள் அமிலம் உயர்ந்து, பழைய நிலைக்கு மீள அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறதென்பதை 1940களிலேயே ஸ்ரெபன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்து காட்டினார். அந்த இடைவேளையில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தை மீண்டும் பல்லுக்கு ஊட்டுகிறது. அதற்கு அவகாசங் கொடுக்காவிடின் பல் தோற்றுவிடும்.

சுவீடன் தேசத்தில் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் விப்பெகோம் மருத்துவ நிலையத்தில் நடந்த பரிசோதனைகளும் இதையே உணர்த்தின. சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சீனி அவ்வளவாகத் தீங்கு விளைக்கவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு இடையே உண்ட, பல்லில் ஒட்டிக்கொள்ளும் ரொபி போன்ற இனிப்புகளே பெருஞ் சூத்தையை விளைத்தன. மனவளர்ச்சி குன்றிய நோயாளரைக் கொண்டு, அவர்தம் இசைவின்றி நடத்தப்பட்ட அப்பரிசோதனை அறத்துக்கு மாறானதென்று பின்னர்க் கண்டிக்கப்பட்டது. அந்த ஏழை மனிதர் தம் பற்களைக் கொடுத்துப் பெற்றுத் தந்த பாடத்தை நாம் வீணாக்குதல் தகாது.

நமது பிள்ளையின் ஒரு நாளைக் கணக்கிடுவோம். காலையிற் சீனி போட்ட தேநீர். பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு பிஸ்கற்று. இடைவேளையில் இனிப்புப் பணிஸ். விடுகையில் வாயிலருகே ஐஸ்பழம். நாலு மணிக்கு மீண்டுந் தேநீர். படிக்கும்போது ஒரு ரொபி. படுக்குமுன் சீனி கலந்த பால். ஏழு முறை ஆயிற்று. ஒவ்வொரு முறைக்கும் அரைமணி நேரமென்றால் மூன்றரை மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது. இதே பண்டங்களிற் சிலவற்றை மதிய உணவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, இடைவேளைக்குக் கடலை, கச்சான், கொய்யாப்பழம், வாழைப்பழம் என்று மாற்றினால், வீட்டுச் செலவைக் கூட்டாமலே அந்த நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

மென்பானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி கலந்த பானமாயின், 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி இருக்கும். அது ஏறக்குறைய 10 தேக்கரண்டி. தாயொருத்தி தன் கையால் ஒரு குவளை நீரில் 10 தேக்கரண்டி சீனியைக் கொட்டிப் பிள்ளைக்குக் கொடுப்பாளா? இந்த அளவைப் பொதுமக்கள் ஒரு பார்வையில் உணர்வதற்காகவே, பானப் போத்தல்களிற் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை ஆகிய நிறக் குறிகளை இடும் முறை 2016 ஆம் ஆண்டில் இலங்கையிற் கொண்டுவரப்பட்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் நிறத்தை அறியும். கடைக்குப் போகும்போது அந்தக் குறியைத் தேடச் செய்தால் அதுவே ஒரு பாடமாகிவிடும்.

கறையும் வெற்றிலையும்

வடமத்திய மாகாணத்திலும் வறண்ட வலயத்தின் வேறு சில பகுதிகளிலும் பிள்ளைகள் சிலரின் பற்களில் வெண்புள்ளிகளோ பழுப்பு நிறக் கறைகளோ காணப்படுகின்றன. “ஒழுங்காகப் பல் தீட்டாதவன்” என்று வகுப்பிலே கேலி செய்வார்கள். அப்பிள்ளை சிரிக்கும்போது வாயைக் கையால் மறைக்கப் பழகிக்கொள்ளும். இது அழுக்கன்று. அப்பகுதிகளின் நிலத்தடி நீரில் மிகுதியாயுள்ள புளோரைட்டு, பல் தாடைக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே அதன் மிளிரியைப் பாதித்துவிடுவதால் வரும் மாற்றம். கரியாலும் மணலாலும் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. நல்ல மிளிரிதான் தேய்ந்து போகும். இந்த ஓர் உண்மையை வகுப்பாசிரியர் ஒருமுறை எடுத்துச் சொன்னால், எத்தனையோ பிள்ளைகள் கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

இன்னுமொன்றை வயதுவந்த மாணவரின் பெற்றோருக்குக் கூறல் வேண்டும். நமது நாட்டு ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலையோடு மெல்லும் புகையிலை மட்டுமன்றி, பாக்கே புற்றுநோயை உண்டாக்கவல்லதென்று 2004 ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட நூல் உறுதி செய்தது. வெற்றிலைத் தட்டம் நம் வீட்டு மங்கலங்களில் இருந்து வரும் மரபுடையது; அதை மரியாதைக்கு வைப்பது வேறு, நாள் முழுவதும் வாயில் அடக்குவது வேறு. “நீ மெல்லாதே” என்று மெல்லும் வாயாற் சொல்லப்படும் புத்திமதி மகனுடைய செவியில் ஏறாது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, வாயை அகலத் திறக்க இயலாமையோ தோன்றினால், வலி இல்லையே என்று வாளாவிருத்தல் ஆபத்தாகும்.

பல் வைத்தியர் பூச்சாண்டியா?

“குழப்படி செய்தால் பல்லு டாக்குத்தரிட்டைக் கொண்டுபோய்ப் பல்லுப் பிடுங்குவிப்பன்” என்று பிள்ளையை வெருட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. பொலிசுக்காரருக்கு அடுத்தபடியாக வீட்டிற் பூச்சாண்டியாக்கப்பட்டவர் பல் வைத்தியரே. இப்படி வளர்ந்த பிள்ளை வலியை மறைக்கும். கன்னம் வீங்கும்வரை வாய் திறவாது. ஈற்றில் அழைத்துச் செல்லும்போது பிடுங்குவதைத் தவிர வேறு வழியிராது. “பார்த்தாயா, அங்கே போனால் பிடுங்குவார்கள்” என்ற பயம் அதனால் உறுதியாகிவிடும். பயம் தாமதத்தை உண்டாக்குகிறது. தாமதம் வலியை உண்டாக்குகிறது. வலி பயத்தை வளர்க்கிறது.

பிள்ளைகளின் இந்தப் பயத்தைப் போக்கவென்றே உருவான ஓர் அரிய சேவை நமது நாட்டில் இருக்கிறது. முதலாம் உலக யுத்தத்துக்குச் சேர்க்கப்பட்ட இளைஞரின் பற்கள் சீர்கெட்டிருந்ததைக் கண்டு கவலையுற்ற நியூசீலந்து தேசம், பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பற்சிகிச்சை செய்வதற்கென இளம் பெண்களைப் பயிற்றும் திட்டத்தை 1921 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவர்கள் பாடசாலையிலேயே இருந்து பிள்ளைகளோடு பழகி, வலி வருமுன்பே பற்களைக் காத்தனர். 1950களில், கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசீலந்தின் உதவியோடு மகரகமையில் அத்தகைய பயிற்சி நிலையமொன்று அமைக்கப்பட்டது. அங்கு பயின்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் மூன்று முதல் பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளுக்குப் பணமின்றிச் சிகிச்சை செய்கின்றனர். அன்றியும், பாடசாலை மருத்துவப் பரிசோதனை பொதுவாக 1, 4, 7, 10 ஆகிய தரங்களில் நடைபெறுகிறது. அப்போது பற்களும் பார்க்கப்படுகின்றன.

இத்தனை வசதி இருந்தும், பரிசோதனையின்போது, “சிகிச்சை வேண்டும்” என்று எழுதிக் கொடுத்த துண்டு பல பிள்ளைகளின் புத்தகப் பையிலேயே மடிந்து கிடக்கிறது. வலி இல்லையே, பிறகு பார்க்கலாம் என்பது வீட்டின் தீர்ப்பு. சூத்தை சிறிதாயிருக்கும்போது அடைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அது நரம்பை எட்டியபின் நாட்கணக்கிலே அலைய வேண்டும். புலமைப் பரிசில் வகுப்புக்குப் பிள்ளையைத் தவறாது அழைத்துச் செல்லும் பெற்றோர், ஆறு மாதத்துக்கு ஒரு காலைப் பொழுதை அதன் வாய்க்காக ஒதுக்குதல் ஆகாத காரியமா?

கையிற் படியும் கல்வி

சுகாதார அறிவைப் போதித்தால் மட்டும் பழக்கம் மாறுமா என்று பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றுசேர்த்து நோக்கிய அறிஞர்கள், ஒரு முறை செய்யும் விரிவுரையால் மாணவரின் அறிவு உயர்கிறது, பழக்கமோ சிறிது காலத்துள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்றே கண்டுள்ளனர். நாள்தோறும் செய்வித்தலே பயன் தருகிறது. ஸ்கொத்லாந்திற் பாலர் பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியரின் மேற்பார்வையில் தினமும் பல் துலக்குகின்றனர். அங்கே பற்சூத்தை குறைந்ததோடு சிகிச்சைச் செலவுங் குறைந்தது. செல்வ நாட்டுக்கன்றோ அது இயலும் என்று கருத வேண்டாம். பிலிப்பைன்ஸ் தேசத்துப் பாடசாலைகளில், துளையிட்ட ஒரு நீண்ட குழாயிலிருந்து வழியும் நீரின் முன் பிள்ளைகள் வரிசையாக நின்று, கைகழுவிப் பல் துலக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒரு குழாயும், பெயரெழுதிய தூரிகைகளும், பத்து நிமிடமும் இருந்தாற் போதும். நமது பாலர் பாடசாலைகளும் ஆரம்பப் பாடசாலைகளும் இதைக் கைக்கொள்வதற்குப் பெற்றோர் சங்கங்கள் முன்வந்தால் பேருதவியாகும்.

வீட்டிற் செய்ய வேண்டியவையும் எளியவையே. முதற்பல் முளைத்த நாளிலிருந்தே துலக்கத் தொடங்குதல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணியளவும் புளோரைட்டுப் பற்பசை போதும். விளம்பரப் படத்திற் காண்பதுபோல் தூரிகை நிறையப் பசையைப் பிதுக்க வேண்டியதில்லை. ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கைக்குப் போதிய பக்குவம் இல்லை; ஆகையால் தாயோ தந்தையோ கூடநின்று, தூரிகையைத் தாமே பிடித்து முடித்துவைக்க வேண்டும். இரண்டு நிமிடம் துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, நீரால் அதிகங் கொப்பளியாது விடுவது நல்லது. பசையிலுள்ள புளோரைட்டு பல்லிற் சிறிது நேரம் தங்கட்டும். இரவுத் துலக்கலைத் தவறவிடலாகாது. உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால் பல்லுக்குக் காவல் இல்லை. துலக்கியபின் நீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

நம் முன்னோர் ஆலம் விழுதையும் வேலங்குச்சியையும் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி, தூரிகையை இகழ்வாரும் உளர். அந்த முன்னோர் குச்சியை மென்று மென்று நெடுநேரம் பல் துலக்கினார்கள். பல்லுக்கு நேரம் ஒதுக்கினார்கள். நாம் அவர்களுடைய குச்சியையும் விட்டுவிட்டோம், நேரத்தையும் விட்டுவிட்டோம். கையில் தூரிகையைப் பிடித்துக்கொண்டு, பேருந்துக்கு நேரமாயிற்றென்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடுகின்றோம். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பல் போனாற் சொல் போகும் என்பார்கள். பிள்ளைகளின் விடயத்திலோ பெற்றோரின் சொல்லாலே பல் போகிறது. “விழப்போகிற பல்தானே”, “இரத்தம் வந்தால் விடு”, “வலித்தாற் பார்க்கலாம்”, “பல்லுப் பிடுங்குவிப்பன்” என்னும் இந்நான்கு சொற்களையும் வீட்டிலிருந்து நீக்கிவிட்டால், பாடசாலையிற் கற்ற பாடத்துக்கு வீட்டில் இடமுண்டாகும்.

இன்றிரவே தொடங்கலாம். சாப்பாடு முடிந்தபின், “போய்ப் பல் துலக்கு” என்று பிள்ளைக்குக் கட்டளையிடுவதை விட்டு, “வா, துலக்குவோம்” என்று கூடவே எழுந்து செல்லுங்கள். கிணற்றடியிலோ குழாயடியிலோ தாயும் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடம் எந்தப் புத்தகமும் கற்பியாததைக் கற்பித்துவிடும்.